கையால் நிரப்பிய தோட்டா எவ்வளவு கையிருப்பு வேண்டும்? இலக்குச் சுடுதலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ரீலோடிங் என்பது சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில், அதாவது கேஸில், பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், பவுடர், குண்டு மூன்றையும் புதிதாகப் போட்டுத் தோட்டாவாக்குவது. நான் அதை ஆரம்பித்த முதல் குளிர்காலத்தில் ஒரே மூச்சில் 900 தோட்டா நிரப்பி வைத்தேன். ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை என்று நினைப்பு. அலமாரியில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பதைப் பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருந்தது. வெயில் ஏறிய பிறகு ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். பத்தாவது தோட்டாவிலேயே துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறக்கும் போல்ட் கைப்பிடி தூக்க வரவில்லை, உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். வெளியே வந்த கேஸைப் பார்த்தால் பிரைமர் ஓரமெல்லாம் தட்டையாகி அப்பிக்கிடக்கிறது, அடிப்பாகத்தில் கேஸை வெளியே தள்ளும் எஜக்டர் பதிந்த தடம் பளபளவென்று மின்னுகிறது. குளிரில் ஒழுங்காக இருந்த அதே லோடு, அதாவது அதே குண்டு, பவுடர், பிரைமர் சேர்க்கை, வெயிலில் அழுத்தம் எகிறிவிட்டது. மீதியிருந்த 890 தோட்டாவையும் புல்லட் புல்லர் சுத்தியலில் ஒவ்வொன்றாக மாட்டி, தரையில் நாலைந்து தட்டுத் தட்டி, குண்டு வேறு பவுடர் வேறாகப் பிரித்தேன். நாலு வார இறுதி போனது. தோள்பட்டை வலி தனி.

அதனால்தான் இதை எழுதுகிறேன். "எவ்வளவு நிரப்பி வைக்கலாம்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நிரப்பிய தோட்டா எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஒன்று. நிரப்புவதற்கான பொருள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வேறொன்று. முதலாவது கொஞ்சமாக இருக்கட்டும், இரண்டாவது தாராளமாக இருக்கட்டும். எத்தனை என்பதை நீங்களே கணக்குப் போட்டு எடுக்கும் வழியைத்தான் கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் குண்டுக்கு எந்தப் பவுடர் எத்தனை கிரெயின் (பவுடரை நிறுக்கும் சிறு எடை அளவு) என்று இங்கே எதுவும் கிடைக்காது. அதைப் பவுடர் தயாரிப்பாளரோ குண்டு தயாரிப்பாளரோ வெளியிட்ட கையேட்டில் மட்டும் பாருங்கள், குறைந்த அளவிலிருந்து ஆரம்பியுங்கள். கீழே வரும் கிரெயின் எண்கள் வெறும் கணக்கு உதாரணம்.

1. முதலில் காகிதம்: உங்களுக்கு அனுமதி இருக்கிறதா, எவ்வளவுக்கு?

இதைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிப்பதில் பயனில்லை. நாட்டுக்கு நாடு விதி தலைகீழாக மாறும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக்கு எதிரானது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் கையில் இருக்கிறது என்பதற்காகத் தோட்டா நிரப்பும் உரிமை தானாக வந்துவிடாது. பிரிட்டனில் துப்பாக்கிச் சான்றிதழிலேயே ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று எண் போட்டிருப்பார்கள். வீட்டில் நிரப்பியதும் அந்த எண்ணுக்குள்தான் வரும். ஜெர்மனியில் பவுடர் வாங்கவும் நிரப்பவும் வெடிபொருள் சட்டப்படி தனி அனுமதி எடுக்க வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. ஆனால் வீட்டில் எவ்வளவு பவுடர், எத்தனை பிரைமர் வைக்கலாம் என்பதற்குத் தீத்தடுப்பு விதி இருக்கிறது, அது 7ஆம் படியில் வருகிறது.

கையில் எடுத்து வைத்துச் சரிபார்க்க வேண்டியவை: துப்பாக்கி உரிமத்தில் எழுதியிருக்கும் தோட்டா வரம்பு, பவுடருக்குத் தனி அனுமதி வேண்டுமென்றால் அது, வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தில் எரிபொருள் வெடிபொருள் பற்றிய வரி, வீட்டுக் காப்பீட்டுப் பத்திரம். கடைசியில் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. பவுடர் வைத்திருப்பதைச் சொல்லாமல் விட்டால், நாளை சமையலறையில் தீப்பிடித்தாலும் அதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அப்புறம் ரேஞ்ச். சில ரேஞ்சுகளில் வீட்டில் நிரப்பிய தோட்டாவை உள்ளேயே விடமாட்டார்கள். 200 தோட்டா நிரப்பிய பிறகு இது தெரியவந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

2. ஒரு வருடத்தில் நிஜமாக எத்தனை சுடுகிறீர்கள்?

மனதில் நினைக்கிற எண்ணை எடுக்காதீர்கள். எல்லோருமே "வாரம் ஒருமுறை போவேன், நூறு சுடுவேன்" என்றுதான் நினைக்கிறோம். மழை, வேலை, உறவினர் வீட்டுக் கல்யாணம் எல்லாம் போக மீதி என்ன என்று பாருங்கள். மூன்று மாதம் ஒரு நோட்டில் தேதியும் சுட்ட எண்ணிக்கையும் மட்டும் குறித்துவந்தால் போதும், உண்மை தெரிந்துவிடும். நான் வருடத்துக்கு 4,000 சுடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன், நோட்டு சொன்னது அதில் பாதிகூட இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் மூன்று தடவை, தடவைக்கு 40 தோட்டா, வருடத்தில் பத்து மாதம். அது 1,200. ஆறு மேட்ச். 60 சுடு கொண்ட போட்டி என்றால் முன்னால் சுட்டுப்பார்க்கும் சைட்டர்களையும் சேர்த்து 75 வைத்துக்கொள்ளலாம், அது 450. புது லோடு தேடுவது, புது லாட் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) பவுடர் சோதிப்பது, ஸ்கோப் சரிசெய்வது என்று ஒரு 150. மொத்தம் 1,800.

ரைஃபிள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இன்னொன்று, .22 ரிம்ஃபயரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் பிரைமர் கலவை கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, வீட்டில் நிரப்பும் சமாச்சாரம் இல்லை. அதற்கு வழி வேறு: சில லாட்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப்பார்த்து, உங்கள் பேரலுக்குப் பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கி வைப்பதுதான்.

3. நிரப்பிய தோட்டா: இரண்டு மாதம், அதற்கு மேல் வேண்டாம்

என் கணக்கு இதுதான். பயிற்சிக்கு இரண்டு மாத உபயோகம், அதோடு அடுத்து வரப்போகும் ஒரு மேட்சுக்கு வேண்டியதில் இரண்டு மடங்கு. மேலே உள்ள உதாரணத்தில் பயிற்சிக்கு 240, மேட்சுக்கு 150. ஆக 400க்குள். அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்பீர்கள். நிரப்பிய தோட்டா கெட்டுப்போகும் என்பதால் இல்லை. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் அது பல பத்து வருடம் தாங்கும். பழசாவது லோடுதான். பேரலின் தொண்டைப் பகுதி ஒவ்வொரு சுடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகிறது. இன்று குண்டு, பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகளான ரைஃப்ளிங்கிலிருந்து சரியான தூரத்தில் உட்கார்ந்திருக்கும்படி நிரப்பிய தோட்டா, ஆயிரம் சுடுக்குப் பிறகு அதே துப்பாக்கியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பருவம் மாறும், பவுடர் சூட்டுக்கு எதிர்வினை காட்டும். நீங்களும் மாறுவீர்கள், ஆறு மாதத்தில் வேறு எடைக் குண்டு பிடித்துப்போகும். அப்போது அலமாரியில் இருக்கும் 900 தோட்டா சொத்தாகத் தெரியாது.

தவறு நேர்ந்தாலும் சின்னத் தொகுதியில் நேர்ந்தால் சேதம் சின்னது. பவுடர் தராசு நடுவில் அரைக் கிரெயின் நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். 100 தோட்டா தொகுதி என்றால் 100ஐப் பிரித்தால் போதும்.

கைத்துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா முடிந்து வரும் ப்ரோகிரஸிவ் பிரஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் சில நூறு வந்துவிடும். மிதமான லோடு, பேரல் தேய்மானமும் மெதுவாக நடக்கும். அங்கே மூன்று நான்கு மாதத்துக்கு நிரப்பி வைத்தாலும் பாதகம் இல்லை.

4. பொருள்: ஒரு வருடத்துக்கு, ஒரே லாட்டில்

இதில்தான் தாராளம் வேண்டும். 2020இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் பிரைமர் கிடைக்காமல் பலர் துப்பாக்கியைத் துணியில் சுற்றி மூலையில் வைத்தார்கள். கையில் ஒரு வருடப் பொருள் இருந்தவர்கள் அந்த வருடமும் சுட்டார்கள்.

அதே 1,800 உதாரணத்தை வைத்து:

பிரைமர். 100 அடங்கிய தட்டு, பத்துத் தட்டு சேர்ந்த 1,000 பெட்டி, அதற்கு மேல் 5,000 அட்டைப்பெட்டி என்று வரும். உங்களுக்கு 2,000, அதாவது இரண்டு பெட்டி, ஒரே லாட் எண்ணில். வேறு கம்பெனிப் பிரைமருக்கு மாறினால் அதே லோடை அப்படியே போடக்கூடாது, பவுடரைக் குறைத்து மறுபடி மேலே ஏற வேண்டும். பாதி சீசனில் பிரைமர் தீர்ந்துபோய், கிடைத்ததை வாங்கி மாட்டி, 300 மீட்டரில் குறி ஒரு சாண் கீழே போனதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். அழுத்தம் மேலே போகாமல் வேகம் கீழே போனது அதிர்ஷ்டம்.

பவுடர். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின், ஒரு கிலோ சுமார் 15,430. தோட்டாவுக்கு 42 கிரெயின் என்று வைத்துக்கொண்டால் 1,800 தோட்டாவுக்கு 75,600 கிரெயின், பதினொரு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்து கிலோவுக்குப் பக்கத்தில். ஒரு பவுண்டு டப்பாக்களாகச் சேர்க்காமல் எட்டு பவுண்டு ஜாடி ஒன்றும், அதே லாட் கிடைத்தால் இன்னும் கொஞ்சமும் வாங்குங்கள். ஒரே பெயர் போட்ட பவுடர்கூட லாட்டுக்கு லாட் எரியும் வேகத்தில் லேசாக மாறும். பழைய லாட் கடைசி ஒரு பவுண்டுக்கு வந்ததும் புது லாட்டை வாங்கி இரண்டையும் ஒரே நாளில், குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வைத்துச் சுட்டுப்பாருங்கள். பழையது சுத்தமாகத் தீர்ந்த பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது.

குண்டு. 1,800க்கு 2,000. இதிலும் லாட் மாறினால் அடியிலிருந்து மூக்கு வளைவு வரை உள்ள நீளத்தை அளந்து பாருங்கள், கொஞ்சம் நகர்ந்திருக்கும். குண்டுக்கு வயதாவதில்லை, பெட்டியில் அப்படியே கிடக்கும். காசு இருந்தால் முதலில் சேர்க்க வேண்டியது இதுதான் என்பேன்.

கேஸ். இதைத்தான் புதியவர்கள் தப்பாகக் கணக்கிடுகிறார்கள். 1,800 தோட்டாவுக்கு 1,800 கேஸ் வேண்டாம். ஒரு நல்ல கேஸ் எட்டு தடவை தாங்கும் என்று எடுத்தால் 250 கேஸ் போதும், 2,000 சுடு வரும். கடுமையான லோடு போட்டால் ஐந்தோடு பிரைமர் குழி தளர்ந்துவிடும். மிதமான லோடும் முறையான அனீலிங்கும் (கேஸ் கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்குவது) இருந்தால் பத்தைத் தாண்டும். ஒரே நாளில், ஒரே கம்பெனியில் வாங்கி, எல்லாவற்றையும் சமமாகச் சுற்றுக்கு விடுங்கள். மூன்று தடவை சுட்டதும் ஏழு தடவை சுட்டதும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் கழுத்துப் பிடிப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதற்கப்புறம் மேட்சில் ஒரு குண்டு ஏன் தனியாகப் போனது என்று காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேஸை எப்போது தூக்கிப் போடுவது? கழுத்தில் விரிசல் தெரிந்தால் உடனே. பிரைமர் கையில் அழுத்தமே தெரியாமல் உள்ளே போனால் உடனே. மூன்றாவதுதான் ஆபத்தானது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கி மாதிரி வளைத்து, கேஸுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப்பாருங்கள். அடிக்குச் சற்று மேலே நுனி எங்காவது ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிட்டது. அடுத்த சுடிலோ அதற்கடுத்ததிலோ கேஸ் அங்கேயே இரண்டாகப் பிரியும். வெளியே மெல்லிய பளபளப்பு வளையமாகவும் சில நேரம் தெரியும். அதே பெட்டியில் ஒன்று அப்படி இருந்தால் மீதி எல்லாவற்றையும் கிளிப் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள்.

5. எப்போது நிரப்புவது

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில், துல்லியமான ரைஃபிள் தோட்டா 100க்கு எனக்கு நாலு மணி நேரம் ஆகிறது. கேஸ் கழுவிக் காயவைக்கும் நேரம் இதில் சேராது. இதை ஒரே உட்காரலில் முடிக்காதீர்கள். ஒரு சாயங்காலம் சைஸிங், டிரிம்மிங், அதாவது கேஸைப் பழைய அளவுக்கு அமுக்கி நீளத்தை வெட்டிச் சரிசெய்வது. இன்னொரு நாள் பிரைமர். மூன்றாம் நாள் பவுடரும் குண்டும். கேஸ் தயாரிப்பு வரை முடித்து வைத்துவிட்டால் கடைசிக் கட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும், அதைத் தலை தெளிவாக இருக்கும் காலை நேரத்துக்கு வையுங்கள். பவுடர் ஊற்றும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். மேஜையில் ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும், இரண்டாவது டப்பா இருக்கவே கூடாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றி பேரலை இழந்தவர்கள் உண்டு.

குண்டு அமுக்கும் முன் 50 கேஸையும் பலகையில் நிறுத்தி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பவுடர் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். வெறுமையாக ஒன்று இருந்தால் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு பேரல் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

6. மேட்ச் தோட்டா தனி

மேட்சுக்கு ஆறு வாரத்துக்கு முன் லோடைப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த யூட்யூப் வீடியோவைப் பார்த்தும் மாற்றாதீர்கள். மேட்ச் நடக்கும் இடத்தின் பகல் வெப்பநிலையை ஒட்டி, அதே சூட்டில் ஒரு நாள் சுட்டுப்பாருங்கள். என் 900 கதை இங்கேயே தடுக்கப்பட்டிருக்கும்.

நிரப்பி நாளாக ஆக, சில தோட்டாவில் குண்டு கேஸ் கழுத்தோடு இறுகப் பிடித்துக்கொள்வது உண்டு. சுத்தமாகப் பளபளப்பாக்கிய கழுத்தில் இது அதிகம். அதனால் சிலர் குண்டை அரை மில்லிமீட்டர் வெளியே விட்டு நிரப்பி வைத்து, மேட்சுக்கு முந்தின வாரம் கடைசி அமுக்கு அமுக்குகிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். அந்தக் கடைசி அமுக்கில் லேசாக "டக்" என்று பிடிப்பு விடுபடும் சத்தம் கேட்கும் சிலவற்றில். அவற்றைத் தனியே எடுத்து சைட்டருக்கு வைத்துக்கொள்வேன்.

விமானத்தில் போகிறீர்களா? பயணிக்கு 5 கிலோ தோட்டா வரைதான், அதுவும் செக்-இன் பெட்டியில், விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு. இரண்டு பேர் சேர்ந்து ஒரே பொதியாகக் கட்டக்கூடாது. .308 அளவு ரைஃபிள் தோட்டா ஒன்று சுமார் 25 கிராம், பெட்டி எடையையும் சேர்த்தால் 180 தாண்டாது. பவுடரும் பிரைமரும் தனியாக எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றமாட்டார்கள். வீட்டில் நிரப்பிய தோட்டாவைக் கண்டாலே மறுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், விமான நிலையக் கவுண்டரில் இருப்பவருக்கு அந்த விதி தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

7. எங்கே, எப்படி வைப்பது

அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிலை அமைப்புக்குச் சுருக்கப் பெயர் சாமி. சிரிக்காதீர்கள், நிஜமாகவே கிட்டத்தட்ட அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். சாமி சொல்வதில் முக்கியமானது: பிரைமரை அது வந்த அட்டையிலேயே வையுங்கள். கண்ணாடி ஜாடியில் கொட்டி வைக்காதீர்கள். கொட்டி வைத்த பிரைமரில் ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும், அதைத் தடுப்பதற்காகத்தான் தட்டில் இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள்.

பவுடரும் அதன் சொந்த டப்பாவில்தான். அந்த டப்பா தீயில் எளிதாகப் பிளந்து வாயுவை விடும்படி செய்யப்பட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று கனத்த இரும்புப் பெட்டியில் இறுக்கி மூடினால் நீங்களே ஒரு வெடிகுண்டு செய்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மரப்பெட்டி நல்லது. பவுடரும் பிரைமரும் ஒரே அலமாரியில் வேண்டாம்.

அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பு வீட்டில் 20 பவுண்டு வரை பவுடரை அசல் டப்பாவில் வைக்க விடுகிறது. 20க்கு மேல் 50 வரை என்றால் ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. உங்கள் நாட்டில் விதி இதைவிட இறுக்கமாக இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். விதியே இல்லாத இடமாக இருந்தாலும் நான் இந்த எண்ணைத் தாண்ட மாட்டேன். மேலே போட்ட ஒரு வருடக் கணக்கு இதற்குள் வசதியாக அடங்கிவிடுகிறது, கவனித்திருப்பீர்கள்.

பவுடர் டப்பாவை வருடத்துக்கு இரண்டு முறை திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பவுடரில் லேசான கரைப்பான் வாசம் வரும். மூக்கைக் குத்தும் அமில நெடி அடித்தாலோ, செம்பழுப்பாகப் புகையோ தூளோ தெரிந்தாலோ அது சிதைந்துகொண்டிருக்கிறது. யோசிக்காமல் வெளியேற்றுங்கள், எப்படி என்று உள்ளூர்த் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள்.

தோட்டாவைக் காருக்குள் வெயிலில் விடாதீர்கள். ரேஞ்சிலும் நிழலில், மூடிய பெட்டியில். தொடர்ந்து சுட்டுச் சூடான பேரலில் ஒரு தோட்டாவை ஏற்றி வைத்துவிட்டுக் காற்று நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், உள்ளே அது வெந்துகொண்டிருக்கிறது, அந்தச் சுடு மேலேதான் போகும்.

8. லேபிள் இல்லாத பெட்டி தோட்டாவே இல்லை

ஒவ்வொரு 50 பெட்டியிலும் நான் ஒட்டும் சீட்டில் இருப்பவை: நிரப்பிய தேதி, எந்த ரைஃபிள், குண்டின் பெயரும் எடையும், பவுடர் பெயர், லாட், கிரெயின், பிரைமரும் அதன் லாட்டும், கேஸ் எத்தனையாவது சுடு, தோட்டா நீளம், சோதித்த நாளின் வெப்பநிலை. இதையே நோட்டிலும் எழுதுவேன், ஏனென்றால் சீட்டு உரிந்துவிடும். மூடியில் ஒட்டாதீர்கள், மூடி இன்னொரு பெட்டிக்கு மாறிப் போகும். பெட்டியின் உடம்பில் ஒட்டுங்கள்.

என்னிடம் ஒரு பச்சைப் பெட்டி இருந்தது. உள்ளே 43 தோட்டா, பார்க்க அழகாக இருக்கும், சீட்டு இல்லை. "எனக்குத் தெரியாதா, நான் நிரப்பியதுதானே" என்று இரண்டு வருடம் வைத்திருந்தேன். கடைசியில் பிரித்துப் பார்த்தால் இரண்டு வேறு நிறப் பவுடர் வந்தது. மற்றவர் நிரப்பிக் கொடுப்பதைச் சுடாதீர்கள் என்ற பழைய அறிவுரை, தேதி மறந்த பழைய நமக்கும் பொருந்தும்.

9. செலவு

ஒரு தோட்டாவின் செலவு: ஒரு குண்டின் விலை, ஒரு பிரைமரின் விலை, பவுடர் பவுண்டு விலையை 7,000ஆல் வகுத்து உங்கள் கிரெயினால் பெருக்கியது, கேஸ் விலையை அது தாங்கும் தடவையால் வகுத்தது. நாலையும் கூட்டுங்கள். துல்லியமான ரைஃபிள் தோட்டாவில் வழக்கமாக அதிகம் தின்பது குண்டுதான். அதனால் பவுடரில் மலிவு பார்த்து லாட் லாட்டாக மாற்றிக்கொண்டே இருப்பதில் மிச்சம் ஆகிறது சில்லறை, போவது நேரம்.

பவுடர், பிரைமர் அனுப்புவதற்கு ஆபத்துப் பொருள் கட்டணம் போடும் இடங்களில் அது பொதிக்கு ஒருமுறை விழும். ஒரு டப்பா வாங்கினாலும் பொதி நிறைய வாங்கினாலும் அதே கட்டணம். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து, சட்டம் அனுமதித்தால், ஒரே ஆர்டரில் வாங்கினால் நல்ல மிச்சம்.

பணம் மிச்சமாகும் என்று ரீலோடிங் ஆரம்பிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தோட்டாவுக்கு ஆகும் செலவு குறையும், உண்மைதான். அப்புறம் அதிகம் சுடுவீர்கள்.

10. பேரல் முடியும் முன்

கையிருப்புக் கணக்கில் கடைசியாகச் சேர்க்க வேண்டியது பேரலின் ஆயுள். .308 பேரல் 5,000 சுடு வரை துல்லியம் காக்கலாம், 6.5 க்ரீட்மோர் சுமார் 2,000 முதல் 3,000, வேகமான 6 மில்லிமீட்டர் வகைகள் அதற்கும் கீழே. எத்தனை சுட்டீர்கள் என்பதை நோட்டு சொல்லும். எதிர்பார்க்கும் ஆயுளில் கடைசி 300க்கு வந்ததும் புதிதாக நிரப்புவதை நிறுத்துங்கள், இருப்பதைப் பயிற்சியில் தீர்த்துவிடுங்கள். புதுப் பேரலின் அறை பழையதைவிட ஒரு மயிரிழை இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கலாம், பழைய பேரலுக்கு நிரப்பிய தோட்டா அதில் மூடாது, மூடினாலும் குண்டு ரைஃப்ளிங்கில் முட்டி அழுத்தம் ஏறும். மிஞ்சிப்போனால் ஒரு 20, 30 இருக்கலாம், அதைப் பிரிக்க ஒரு சாயங்காலம் போதும். அந்தச் சுத்தியல் புல்லரின் முன்பக்கத்தில் காதுக்கு மாட்டும் நுரைத்துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுத் தட்டுங்கள், குண்டின் மூக்கு நசுங்காது. இதை 890ஆவது தோட்டாவுக்குப் பக்கத்தில்தான் ஒருவர் எனக்குச் சொன்னார்.